இரட்டை சைலன்சர் போட்டதும் பட் பட் என்று வெடிக்கிறது, உதவி தேவை (அவசரம்)

கரூர்க்காரன்
வணக்கம் நண்பர்களே. வண்டிக்கு வெளி மார்க்கெட்டில் வாங்கிய இரட்டை சைலன்சர் போட்டேன். சத்தம் அருமை. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடிக்கிறது. டியூனிங் பண்ண வேண்டுமா? ஞாயிறு ஏற்காடு போகிறோம், சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைச்சாலை
என்ன வண்டி பாஸ்?

சேலம்650
வண்டி பெயரோடு இதையும் சொல்லுங்கள். சைலன்சர் மட்டும் மாற்றினீர்களா, எஞ்சினிலிருந்து வரும் பெண்ட் பைப்போடு சேர்த்தா? ஏர் ஃபில்டரைத் தொட்டீர்களா? வெடிப்பது ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?

ஆயில்கை (மூத்த உறுப்பினர்)
மாதம் ஒருவர் இப்படி வருகிறார். ஜாதகம் கொடுக்காமல் பலன் கேட்டால் யார் சொல்வது? மேலே தேடுபெட்டி என்று ஒன்று சும்மாவா வைத்திருக்கிறார்கள்?

டாப்கியர்_பிரபு
வேறு ஒன்றும் இல்லை, பேக் பிரஷர், அதாவது புகைக்கு எதிரான தடை, போய்விட்டது. தடை குறைந்த ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டால் இப்படித்தான். டிபி கில்லரைத் திரும்ப மாட்டுங்கள், பிக்கப்பும் கூடும்.

மேப்_மன்னன்
பிரபு, கார்புரேட்டர் காலத்துக் கதையை விடுங்கள். காற்று பெட்ரோல் கலவை லீன் ஆகிவிட்டது, பெட்ரோல் போதவில்லை. ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ரீமேப், அதாவது அதன் பெட்ரோல் கணக்கை மாற்றி எழுதுவது, இல்லையென்றால் அந்தக் கணக்கைத் திருத்தும் ஒரு பிக்கிபேக் பெட்டி. வேறு வழியே கிடையாது.

கரூர்க்காரன்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சூப்பர் மீட்டியர் 650. சைலன்சர் மட்டும்தான், பெண்ட் பைப் கம்பெனியுடையது. ஃபில்டரைத் தொடவில்லை. இடது பக்கம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். டிபி கில்லர் என்றால் என்ன?

மழைச்சாலை
சைலன்சர் வாய்க்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கும், சத்தத்தைக் குறைக்க. வெளியிலிருந்து ஒரு போல்ட் அதைப் பிடித்திருக்கும்.

சேலம்650
இடது பக்கம் மட்டும் என்றால் மேப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இந்த வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பெண்ட் பைப்பில், சைலன்சருக்கு முன்னால் இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அதைப் பார்த்துத்தான் ஈசியூ கலவையை 14.7:1 (எடையில் காற்று:பெட்ரோல்) பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. சைலன்சர் மட்டும் மாற்றினால் அந்த அளவுக்கு அதுவே சமாளித்துவிடும். மேப் தேவைப்படுவது பெண்ட் பைப், ஃபில்டர் எல்லாம் மாற்றினால்தான்.

என் சந்தேகம் ஜாயின்ட் லீக். ஆக்சிலரேட்டரை விட்டதும் சரியாக எரியாத பெட்ரோல் கொஞ்சம் குழாய்க்குள் போகும். ஜாயின்டில் சந்து இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சூட்டில் அங்கேயே பற்றிக்கொள்ளும். அதுதான் அந்தப் பட் பட்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோப்புத் தண்ணீரை பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் தெளித்து ஸ்டார்ட் செய்யுங்கள். லீக் இருந்தால் நுரை கிளம்பும். ஜாயின்டைப் பிடிக்கும் கிளாம்ப் ஓரத்தில் விசிறி மாதிரி கருப்பாகப் புகைக்கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூடான பிறகு கை வைக்காதீர்கள்.

ஆயில்கை (மூத்த உறுப்பினர்)
சேலம் சொல்வது சரி, ஆனால் பாதிதான். நம் ஆட்கள் சைலன்சரை வண்டியோடு பிடிக்கும் பின்பக்க ஹேங்கர் போல்ட்டை முதலில் முறுக்கிவிட்டு, அப்புறம் கிளாம்பை இறுக்குவார்கள். குழாய் கோணலாக உட்காரும், சந்தை அடைக்கும் கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் லீக் போகாது. எல்லாவற்றையும் தளர்த்தி, சைலன்சரை முழுசாக உள்ளே தள்ளி, ஹேங்கரைக் கையால் மட்டும் பிடிக்க விட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. இதெல்லாம் அடிப்படை.

டாப்கியர்_பிரபு
அப்போ பேக் பிரஷர் என்று ஒன்று இல்லவே இல்லையா? என் புல்லட்டில் டிபி கில்லரைக் கழட்டியதும் லோ எண்ட் (குறைந்த வேக இழுவை) செத்தே போனது.

மேப்_மன்னன்
செத்தது பேக் பிரஷரால் இல்லை. வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாய் முனையில் திரும்பி, வால்வு மூடுவதற்குள் வந்து சிலிண்டரைக் காலி பண்ண உதவும். குழாயின் நீளமும் அகலமும் மாறினால் அந்த நேரம் தவறிப்போகும். தடை எப்போதுமே நஷ்டம்தான்.

டாப்கியர்_பிரபு
புத்தகத்தில் படித்துவிட்டு ஓட்டிப் பார்த்தவனுக்குச் சொல்லாதீர்கள். இன்னொன்று, அந்த 650-இல் எதைப் போட்டாலும் புல்லட் சத்தம் வராது.

சேலம்650
எப்படி வரும்? புல்லட் சிங்கிள். இது இரண்டு சிலிண்டர், 270 டிகிரி கிராங்க். 270, 450 டிகிரி இடைவெளியில் மாறி மாறி வெடிக்கும், அதனால் வி ட்வின் (வி வடிவ இரட்டை சிலிண்டர்) சாயல். இந்தச் சண்டைக்குத் தனி இழை திறவுங்கள் அண்ணா, பாவம் அவர் ஞாயிறு கிளம்ப வேண்டும்.

மழைச்சாலை
ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி. இறங்கும்போது முழுக்க எஞ்சின் பிரேக்தான், வழியெல்லாம் வெடித்துக்கொண்டே வருவார். அடிவாரத்தில் போலீஸ் நின்றால் அவ்வளவுதான்.

ஆயில்கை (மூத்த உறுப்பினர்)
விளையாட்டு இல்லை. 175 சிசிக்கு மேல் உள்ள பைக்குக்கு ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசன்சும் மூன்று மாதம் போகும். கம்பெனி சைலன்சரை பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

டாப்கியர்_பிரபு
எங்கள் ஊரில் யாரும் கேட்டதே இல்லை.

மழைச்சாலை
உங்கள் ஊரில் சிக்னலே இல்லையே அண்ணா.

கரூர்க்காரன்
லீக்தான். இடது கிளாம்பைக் கழட்டிப் பார்த்தால் உள்ளே கேஸ்கெட்டே இல்லை, கடைக்காரர் போடவே இல்லை. புதுசு போட்டு ஆயில்கை சார் சொன்ன வரிசையில் இறுக்கினேன். எப்போதாவது ஒன்று கேட்கிறது, அவ்வளவுதான். டிபி கில்லரும் உள்ளேயே இருக்கிறது. நன்றி எல்லோருக்கும்.

சேலம்650
எப்போதாவது ஒன்று வருவது இயல்புதான். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆற விட்டு கிளாம்பை ஒருமுறை சரிபாருங்கள், தளர்ந்திருக்கும். வலது பக்கம் கேஸ்கெட் இருக்கிறதா, கழட்டிப் பார்த்தீர்களா?

மேப்_மன்னன்
இருந்தாலும் ரீமேப் பண்ணினால் இன்னும் ஸ்மூத்தாக இருக்கும்.

சேலம்650
கரூர், வலது பக்கம்?