வெளியூர்ப் பயணத்துக்குப் பழைய பாணிக் கைக்கடிகாரம்: பதினைந்தாயிரத்துக்குள் எதை வாங்கலாம்?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசு வியாபாரம். பட்டறையில் தயாராகும் புது மாதிரிகளை எடுத்துக்கொண்டு விஜயவாடா, ராஜமுந்திரி, ஹைதராபாத் என்று கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிப்பது என் பொறுப்பு. இரவு ரயில், காலையில் லாட்ஜில் குளியல், பத்து மணிக்கெல்லாம் நகைக்கடை முதலாளியின் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு துபாய்க்கும் போகவேண்டி வரும்போல் இருக்கிறது.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே கைக்கடிகாரம் வாங்க நினைக்கிறேன். அந்தக் காலத்துக் கடிகாரம்போல இருக்க வேண்டும்: வெள்ளை அல்லது சந்தன நிற டயல், மெல்லிய முட்கள், எண்களுக்குப் பதிலாகச் சின்னக் கோடுகள், தோல் வார். தங்க நிறம் வேண்டாம். கையில் வெள்ளி கொண்டுபோகிறவன் அடுத்தவர் கண்ணை இழுக்கும் எதையும் அணியக்கூடாது என்பதை எங்கள் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கிறோம். ஸ்மார்ட் வாட்ச் ஒன்று இருக்கிறது. ஆனால் விலை பேசும் நேரத்தில் அது மின்னினால் என் பார்வை தானாகக் கீழே போகிறது. எதிரில் இருப்பவர் நான் கிளம்பத் துடிப்பதாக நினைத்துவிடுகிறார்.

அதிகபட்சம் 15,000 ரூபாய். இணையத்தில் எச்எம்டி ஜனதா இரண்டாயிரத்துக்குள் கிடைப்பதாகப் போட்டிருக்கிறார்கள். அதை வாங்கலாமா? பேட்டரியா, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கா? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

அழகாபுரம் ஆட்டோமேட்டிக்:

யோசிக்கவே வேண்டாம் அண்ணா, ஓரியண்ட் பாம்பினோ. ஜப்பான் நிறுவனம், உள்ளிருக்கும் இயந்திரமும் அவர்களே செய்வது. உப்பிய கண்ணாடி, சந்தன நிற டயல் என்று நீங்கள் கேட்ட தோற்றம் அப்படியே இருக்கிறது. முதலில் வந்தது 40.5 மில்லிமீட்டர், மணிக்கட்டு சிறியதென்றால் 38 மில்லிமீட்டர் அளவில் வந்திருப்பதைப் பாருங்கள். மிகப் பழைய மாடலில் கையால் சாவி கொடுக்க முடியாது, நேரம் வைக்கும் திருகை இழுத்தால் விநாடி முள்ளும் நிற்காது. இப்போது வருவதில் இரண்டும் உண்டு. தள்ளுபடிக் காலத்தில் உங்கள் தொகைக்குள் அமைகிறதா என்று பாருங்கள். பேட்டரிக் கடிகாரத்தில் விநாடி முள் தவ்வித் தவ்விப் போகும். இதில் வழுக்கிக்கொண்டு போகும். அந்த அழகு வேறு எதிலும் வராது.

கடைவீதிக் கடிகாரம்:

தம்பி, நான் கடைவீதிப் பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பாவிடம் கற்ற தொழில். பாம்பினோ நல்ல கடிகாரம்தான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது பயணத்துக்கு. சரியான மணி காட்ட வேண்டும்; நின்றுபோனால் போன ஊரிலேயே சரிசெய்ய ஆள் கிடைக்க வேண்டும். என்னைக் கேட்டால் பேட்டரிதான்.

முதலில் ஜனதாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016இல் கடிகாரத் தொழிற்சாலைகளை மூடிவிட்டார்கள். ஜனதா, உராய்வைக் குறைக்க உள்ளே 17 கல் வைத்த, தினமும் சாவி கொடுக்கவேண்டிய கடிகாரம். நொடிக்கு ஐந்து முறை அடிக்கும் அந்த இயந்திரத்தைத் திறந்து, கழுவி, எண்ணெய் விட்டு மறுபடி ஓடவிடுவதில் எனக்குக் கிடைக்கும் நிறைவு இன்றுவரை குறையவில்லை. ஆனால் இரண்டாயிரத்துக்கு இணையத்தில் 'புத்தம் புதிது' என்று விற்பது பெரும்பாலும் அந்த ஜனதா அல்ல. நாலைந்து செத்த கடிகாரங்களிலிருந்து கழற்றிச் சேர்த்து, டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்த சரக்கு.

போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தான். மயில்கழுத்துப் பச்சை டயல், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். இந்தியில் 'ஜனதா' என்றிருக்கும் எழுத்துகளின் ஓரத்தில் மை கசிந்து தடித்திருந்தது. ஆறு மணிக் கோடு நிமிடக் கோட்டோடு சேராமல் மயிரிழை இடப்பக்கம் விலகி நின்றது. டயலின் நடுத் துளையைச் சுற்றிப் பழைய வெள்ளை எட்டிப் பார்த்தது. பின்மூடியைத் திறந்தால் இரண்டு திருகாணிகளின் தலை சிதைந்திருந்தது, இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் ஒரு காலத்தது, மேலே மூடிய தட்டு வேறொரு காலத்தது. ஓடியது. ஆனால் நாளைக்கு மூன்று நிமிடம் பிந்தியது. இதை நம்பி நீங்கள் ரயில் பிடிக்க முடியாது. உறவினர் வீட்டில் பெட்டிக்குள் கிடக்கும் ஜனதா இருந்தால் கொண்டுவாருங்கள், அதை உயிர்ப்பிக்கலாம். அதுவும் பண்டிகைக்கு, கல்யாணத்துக்குக் கட்ட.

இப்போது ஆட்டோமேட்டிக். பாம்பினோவுக்கு அந்த நிறுவனமே சொல்லும் வரம்பு நாளைக்கு 25 விநாடி முந்தலாம், 15 விநாடி பிந்தலாம் என்பது. சாதாரணப் பேட்டரிக் கடிகாரம் மாதத்துக்கு 20 விநாடி தவறினாலே அதிகம். ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை நாளில் நின்றுவிடும். ஊர் திரும்பி இரண்டு நாள் பட்டறையில் இருந்துவிட்டு மறுபடி கிளம்பும்போது நேரமும் தேதியும் வைக்க வேண்டும். காந்தத்தையும் கவனியுங்கள். செல்போன் ஸ்பீக்கர், பை மூடியில் இருக்கும் காந்தம் இவற்றின்மேல் ஆட்டோமேட்டிக்கை வைத்துப் பழகினால் உள்ளே முடி போல மெல்லிய சுருள்வில் காந்தமேறி வேகமாக ஓட ஆரம்பிக்கும். பேட்டரிக் கடிகாரம் காந்தத்தின் பக்கத்தில் தடுமாறினாலும் விலக்கியதும் பழையபடி ஓடும், நேரம் மட்டும் திருத்தினால் போதும்.

வாங்கும்போது உள்ளே மியோட்டா 2035 போன்ற பரவலான இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மியோட்டா சிட்டிசன் குழுமத்தைச் சேர்ந்தது. எச்எம்டிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அதே வீடு. அதற்கு 626 பேட்டரி, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். இயந்திரமே போய்விட்டாலும் முழுதாக மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

மெலிதாக வேண்டுமென்றால் டைட்டன் எட்ஜ். டைட்டன் 1984இல் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கியது, தொழிற்சாலை நம் பெங்களூர் சாலையில் ஓசூரில். அவர்கள் செய்த முதல் எட்ஜின் மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டிக்குள் இருப்பதே தெரியாது. கண்ணாடியும் சஃபயர், கீறல் எளிதில் விழாது. ஆனால் அந்த இயந்திரம் அதற்கென்றே செய்தது; எங்களைப் போன்றவர்கள் கை வைப்பதைவிட அவர்கள் சர்வீஸுக்கே கொடுப்பது நல்லது. தோற்றமும் பழைய பாணியைவிடக் கொஞ்சம் புதுசு. எல்லா மாடலும் உங்கள் தொகைக்குள் வராது, பார்த்து எடுக்க வேண்டும்.

முலாம் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பட்டறையில் ஆசிட் புகையும் பாலீஷ் தூசியும் படும் கைக்கு முலாம் பூசிய கேஸ், அதாவது வெளிக்கூடு, ஆகாது. முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கள். அளவு 36இலிருந்து 38 மில்லிமீட்டர். வார் அகலம் 18 அல்லது 20. அப்போதுதான் எங்கு வேண்டுமானாலும் மாற்று வார் கிடைக்கும்.

மலைக்காரி:

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வங்கி வேலைக்காக அடிக்கடி சேலம் இறங்குவேன். கடைக்கார ஐயா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று: தண்ணீர்.

டயலில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று பொருள் இல்லை. கை கழுவும்போது நாலு துளி தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். நல்ல உடைக்குப் பொருத்தமாகக் கட்டும் டிரஸ் வாட்ச் என்று விற்பதில் பாதிக்குமேல் இந்த வகைதான், பாம்பினோவும் சேர்த்து. சேலத்து வெயிலில் வியர்த்த கையோடு பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே வந்து பனிமூட்டத்தில் இறங்கினால், பழைய கடிகாரத்தின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படர்வதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருகின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் ஈரம் உள்ளே போய்விடுகிறது. குளிர் பட்டதும் அது கண்ணாடியில் படிகிறது. நீங்கள் ஏசி பெட்டியிலிருந்து விஜயவாடா வெயிலில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏசி கடைக்குள் நுழைகிறவர். உங்களுக்கும் இதே கதைதான். 50 மீட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

தோல் வாரும் பயணத்துக்கு எதிரி. ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு அலமாரியில் தோல் வார் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும். கீழே சேலத்தில் சித்திரையில் வியர்வை ஊறி நாற்றம் எடுக்கும். நான் போகும்போது நைலான் வார், போய்ச் சேர்ந்ததும் தோல் வார். சில தோல் வார்களில் உள்பக்கம் நகத்தால் தள்ளும் சின்னப் பிடி வைத்த கம்பி ஊசி வருகிறது. கருவி இல்லாமல் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற கவலை இருந்தால் சிட்டிசன் ஈக்கோ டிரைவ் பாருங்கள். வெளிச்சத்தில் சார்ஜ் ஏறும், ஜன்னலோரம் வைத்தாலே போதும். பழைய தோற்றத்தில் அதில் அடக்கமான மாடல்கள் இருக்கின்றன. நான் கட்டியிருப்பது அதுதான்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

ஐயா, அக்கா, தம்பி, மூவருக்கும் நன்றி. ஜனதா எண்ணத்தை விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். துபாய் நேரத்துக்காக, இன்னொரு ஊர் மணியையும் காட்டும் ஜிஎம்டி முள் வைத்த கடிகாரம் தேவையா? இரவு ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு மணி பார்க்க வேண்டும், ரேடியம் இல்லாத டயலில் என்ன செய்வது?

கடைவீதிக் கடிகாரம்:

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஜிஎம்டி கடிகாரங்களில் ஒரு வகையில் மணி முள்ளை மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவவைக்கலாம். ஐரோப்பாவுக்குள் சுற்றுகிறவர்களுக்கு அது வசதி. நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே நிற்பதால், துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனால் எப்படியும் நிமிட முள்ளையும் அரை வட்டம் திருப்பியாக வேண்டும். அதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள். மூன்று முள் கடிகாரத்தில் விமானம் இறங்கியதும் திருகை இழுத்து ஒன்றரை மணி பின்னே வைத்தால் முடிந்தது. ஊர் நேரம் செல்போனில் இருக்கிறது. தேதிக் கட்டம் உள்ள கடிகாரமென்றால் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியைத் தனியாகத் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் தேதிப் பல் பிடித்திருக்கும், உடையும். தேதியே இல்லாத டயல் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய பாணிக்கு அதுதான் அழகும்.

ரேடியம் கேள்வி சரியான கேள்வி. மெல்லிய முட்களில் ஒளிரும் பூச்சுக்கு இடம் கிடையாது. கொஞ்சம் அகலமான முள்ளும், முள் நடுவில் ஒரு கோடு பூச்சும், ஒவ்வொரு மணிக்கும் ஒரு புள்ளியும் உள்ள டயல்கள் இருக்கின்றன. ஐம்பது அறுபதுகளின் கடிகாரங்களில் அந்த அமைப்பும் சகஜம்தான், தோற்றம் கெடாது. இப்போது பூசுவது கதிரியக்கம் இல்லாத பூச்சு. வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் போனால்தான் ஒளிரும், விடியும்வரை அதே பிரகாசம் இருக்காது.

மலைக்காரி:

லண்டன் வியாபாரம் எப்போதாவது வந்தால் ஒரு வழி: கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் என்பதால் அங்கே மணி என்ன என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். அங்கே இருக்கும் என் தம்பியைக் கூப்பிடுமுன் நான் இப்படித்தான் பார்ப்பேன். குளிர்காலத்தில் மட்டும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை அவர்கள் ஒரு மணி முன்னே வைத்துக்கொள்வார்கள், அப்போது ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எண்கள் இல்லாத கோட்டு டயலில் இது இன்னும் சுலபம்.

அழகாபுரம் ஆட்டோமேட்டிக்:

பயணத்துக்கு என்று பார்த்தால் ஐயா சொல்வது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணா, பண்டிகைக்கு ஊரில் கட்ட ஒரு பாம்பினோவைப் பிற்பாடாவது வாங்குங்கள். ஒருமுறை காதருகே வைத்துக் கேட்டால் விடமாட்டீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

முடிவு செய்துவிட்டேன். ஸ்டீல் கேஸ், 38 மில்லிமீட்டர், 50 மீட்டர், தேதி இல்லாத சந்தன நிற டயல், ஈக்கோ டிரைவ் அல்லது சாதாரண பேட்டரி. எது கையில் பொருந்துகிறதோ அது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோடு பக்கம் கடைகளில் பார்க்கப் போகிறேன்.

கடைவீதிக் கடிகாரம்:

போகும்போது நீங்கள் வாடிக்கையாளரிடம் போட்டுப் போகும் அதே முழுக்கைச் சட்டையோடு போங்கள். கட்டிப் பார்த்துப் பட்டனைப் பூட்டுங்கள். கையை மடக்கி நீட்டும்போது பட்டி கடிகாரத்தின்மேல் சிக்காமல் ஏறி இறங்க வேண்டும். திருகை இழுத்து முட்களைச் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசவோ துள்ளவோ கூடாது. விநாடி முள் ஒவ்வொரு அடியிலும் கோட்டின்மேல் விழுகிறதா என்று ஒரு முழுச் சுற்று பாருங்கள். பில்லில் மாடல் எண்ணும், வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நைலான் வாரை என்னிடமே மாற்றிக்கொள்ளலாம்.