போயா அண்டைக்கு "விரிவுரை முடிஞ்சு வந்து படிச்சன்": இந்தக் கொப்பியை என்ன செய்யிறது?

ராக்குருவி

நான் கொழும்பில டிசைன் படிக்கிற ரெண்டாம் வருச மாணவி. நாலு பேர் சேர்ந்து ஒரு குழு ஆய்வு செய்யிறம். கம்பஸ் பிள்ளையள் தாங்களா ஒரு படிப்புப் பழக்கத்தை எப்பிடிப் பிடிக்கினம், அது எங்க விட்டுப்போகுது, இதுதான் விசயம். கடைசியில ஒரு டிசைன் காட்ட வேணும்.

முதல்ல 11 பேரோட கதைச்சம். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே கதைதான்: "எனக்குக் கட்டுப்பாடு காணாது, போனை எடுத்தா வைக்கமாட்டன்." அதைக் கேட்ட உடன ஆப் ஒண்டு கீறத் தொடங்கிட்டம். ஒவ்வொரு நாளும் படிச்சா ஒரு விளக்கு எரியும். ஒரு நாள் விட்டா எல்லா விளக்கும் அணைஞ்சு முதல்ல இருந்து தொடங்க வேணும்.

பிறகு 7 பேருக்கு 21 நாளுக்கெண்டு ஒரு சின்னக் கொப்பி அடிச்சுக் குடுத்தம். எத்தனை மணி, எங்க இருந்து, படிச்சதா இல்லையா, அவ்வளவுதான். நாலு பேர் முழுசா நிரப்பித் தந்தவை. ரெண்டு பேர் நடுவில விட்டிட்டினம். அதில ஒரு தங்கச்சி கொட்டாஞ்சேனை. ஒன்பது நாள் விடிய 4.30க்கு எழும்பிப் படிச்சதா எழுதியிருக்கிறா. பத்தாம் நாள் வெறுமை, அதோட கொப்பியே வெறுமை. வட்ஸ்அப்பில கேட்டா "சொறி அக்கா, நான் உங்கட வேலையைப் பழுதாக்கிட்டன்" எண்டு மட்டும் போட்டவ.

ஏழாவது ஆள் வெள்ளவத்தையில போர்டிங்கில இருக்கிற தம்பி. 21 கட்டத்திலயும் சரி போட்டிருக்கு, ஒரே பேனை, ஒரே சாய்வு. அதில ஒரு நாள் போயா, பறுவத்துக்கு விடுற அரச விடுமுறை, விரிவுரையே இல்லாத நாள். அண்டைக்கும் "விரிவுரை முடிஞ்சு வந்து, 7 மணி, மேசை" எண்டு எழுதியிருக்கு.

குழுவில ரெண்டு பேர் இந்த மூண்டு கொப்பியையும் எறிஞ்சிட்டு மிச்ச நாலோட போவம் எண்டினம். என்னால ஒத்துக்கொள்ள ஏலாமல் இருக்கு. ஆனா அதுக்குக் காரணத்தைச் சரியாச் சொல்லவும் தெரியேல்ல. மூண்டு கிழமையில சேருக்கு முன்னால நிக்க வேணும். அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

கடலோரப் பெட்டி

தங்கச்சி, எறியாதீங்கோ. நான் எட்டு வருசமா பயனர் ஆய்வு வேலைதான் செய்யிறன். நிரப்பித் தந்த நாலு பேரும் ஏற்கெனவே பழக்கம் உள்ள ஆக்களாத்தான் இருப்பினம். உங்கட கேள்வி "எங்க விட்டுப்போகுது" எண்டா, பதில் அந்த மூண்டு கொப்பிக்குள்ளதான் இருக்கு.

ஏன் 21 நாள்? 21 நாளில பழக்கம் படிஞ்சிடும் எண்ட கணக்கு வந்தது மக்ஸ்வெல் மோல்ட்ஸ் எண்ட அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிட்ட இருந்து. நோயாளியள் புது முகத்துக்குப் பழக ஆகக் குறைஞ்சது ஒரு 21 நாள் எடுக்குது எண்டு 1960இல எழுதினவர். அதில "ஆகக் குறைஞ்சது" எண்டது காலப்போக்கில காணாமல் போச்சு.

லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில பிலிப்பா லாலி குழுவின்ர ஆய்வைப் பாருங்கோ, 2010இல அச்சில வந்தது. 96 பேர், 12 கிழமை. ஒவ்வொருத்தரும் ஒரு சின்ன வேலையை நாளாந்தம் ஒரே சந்தர்ப்பத்தோட சேத்துச் செய்தவை. பழக்கம் படிய எடுத்த காலத்தின்ர இடையம், அதாவது வரிசையா அடுக்கினா நடுவில நிக்கிற எண், 66 நாள், வீச்சு 18இல இருந்து 254 வரைக்கும். ஆனா அந்த 66ஐயும் மந்திரம் மாதிரி சேருக்குச் சொல்லாதீங்கோ. அது பழக்கம் நாளாந்தம் கூடிப்போறதைக் காட்டுற வளைகோடு நல்லாப் பொருந்தின 39 பேரின்ர கணக்கு. ஆய்வு ஓடினதே 84 நாள்தான், 254 எண்டது கோட்டை நீட்டிப் பாத்து வந்த எண். உங்களுக்குத் தேவையானது வேற: இடையில ஒரு நாள் விட்டது பழக்கம் படியிறதைப் பெரிசாப் பாதிக்கேல்ல. அப்ப ஒரு நாளுக்காக எல்லா விளக்கையும் அணைக்கிற ஆப் ஆருக்கு?

தம்பியை நேர போய்ப் பாருங்கோ. "ஏன் பொய் எழுதினீர்" எண்டு வாயே திறக்காதீங்கோ. "நேற்றுப் பின்னேரம் அறைக்கு வந்ததில இருந்து சொல்லும்" எண்டு கேளுங்கோ. படிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கோ. அந்தப் பக்கத்தை அறிக்கையில போடுறதெண்டா அவரின்ர சம்மதம் கட்டாயம்.

வாத்தியார் தெஹிவளை

நான் கணிதம் கற்பிக்கிறேன். கடலோரப் பெட்டி சொல்வதில் பெரும்பகுதி சரி. படிக்கிற இடத்தைப் பார்க்கச் சொன்னதும் சரி. சூழலின் பலத்தை நானே கண்டிருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கரண்ட் வந்த கையோடு கொப்பியை விரித்தார்கள். மின்வெட்டு நின்ற பிறகு அதே பிள்ளைகள் இரவு முழுக்க வெளிச்சம் இருந்தும் தள்ளிப்போட்டார்கள். "இப்போ விட்டால் இல்லை" என்ற தூண்டல் போய்விட்டது.

ஆனாலும் எல்லாப் பழியையும் இடத்தின் மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே வீட்டில், ஒரே மேசையில் படித்த அக்கா தம்பி என்னிடம் வந்தார்கள். அக்கா ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தாள்: அம்மா சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவ எடுத்தால் நான் கணக்குக் கொப்பியை எடுப்பேன். தம்பி "இன்றைக்கு நல்லாப் படிப்பன் சேர்" என்பான், எப்போது என்று சொல்லமாட்டான். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே நேரத்தையும் இடத்தையும் கட்டிவைப்பது வெறும் நோக்கத்தை விட நன்றாக வேலை செய்கிறது. அந்த முடிவை எடுக்கிறது பிள்ளைதான். பங்கெடுத்தவர்களிடம் அதையும் கேளுங்கள்.

ராக்குருவி

பத்து நாளுக்குப் பிறகு வாறன், மன்னிக்கோணும்.

முதல் கொட்டாஞ்சேனை. பத்தாம் நாள் விடிய அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்திருக்கு. திரும்பி வந்து அந்த வெறுங்கட்டத்தைப் பாக்க ஏலாமல் கொப்பியை அலுமாரிக்குள்ள வச்சிட்டா. ஆனா படிப்பை விடேல்ல! பன்னிரண்டாம் நாளே திரும்ப 4.30க்கு எழும்பியிருக்கிறா, இண்டைக்கும் எழும்பிறா. அறுந்தது எங்கட கொப்பி மட்டும்தான். அதைக் கேட்ட இடத்தில எனக்குக் கண் கலங்கிப்போச்சு, ஏனெண்டா அவவைத்தான் நாங்கள் "இடையில் நின்றவர்" எண்டு பட்டியல்ல எழுதி வச்சிருந்தம்.

வாத்தியார் அண்ணா, நீங்கள் கேக்கச் சொன்னதையும் அவவிட்டக் கேட்டனான். அவவுக்கும் ஒரு கட்டு இருக்கு: பக்கத்துக் கோயில் மணி அடிக்க முதல் ஒரு பாடம். அதை ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல, தானா வச்சது. நீங்கள் சொன்னதில நியாயம் இருக்கு.

பிறகு வெள்ளவத்தை. ஒரு அறையில மூண்டு பேர், ஒரு மேசை. மற்ற ரெண்டு பேரும் வேலைக்குப் போற அண்ணாமார், ஏழு மணிக்கு வந்து சாப்பிட்டு ஒன்பதுக்கு லைட்டை நிப்பாட்டிடுவினம். தம்பி படிக்கிறது வெளியில மாடிப்படித் திருப்பத்தில, வீட்டுக்காரர் பத்து மணிக்கு அந்த லைட்டையும் நிப்பாட்டும் வரைக்கும். எங்கட கொப்பியில "எங்க இருந்து" எண்டதுக்குக் கீழ நாங்கள் அச்சடிச்சிருந்தது மேசை, கட்டில், நூலகம், மூண்டுதான். படிக்கட்டு எண்டு எழுத அவருக்கு வெக்கமா இருந்திருக்கு. முதல் நாள் "மேசை" எண்டு போட்டவர், அதோட மிச்சத்தைக் கடைசி நாள் ஒரே இருப்பில நிரப்பியிருக்கிறார். போயாவை யோசிக்கேல்ல.

விளக்கு ஆப்பை விட்டிட்டம். குழுவில எறிவம் எண்ட ரெண்டு பேரும் இப்ப அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் கதைக்கினம். புதுக் கொப்பியில சரி, பிழைக் கட்டம் இல்லை. "இண்டைக்கு அந்த நேரத்தில எங்க நிண்டனீங்கள்?" எண்ட கேள்வியும் கீழ நாலு வெறுங்கோடும்தான். போயாப் பக்கத்தைப் பேர் போடாமல் காட்ட தம்பி சம்மதிச்சிட்டார். வீட்டு இலக்கம் படத்தில வரக்கூடாது எண்டு மட்டும் கேட்டவர்.

நாளைக்கு இரவு எட்டு மணிக்கு அந்தப் படியை அளக்கப் போறம்: அகலம், லைட் எவ்வளவு தூரம் விழுது, அந்த ரெண்டு மணித்தியாலத்தில எத்தனை பேர் ஏறி இறங்கினம் எண்டு.