புதுப்பிப்பு: எங்கள் ஹஸ்கிக்கு மொட்டை அடிக்கவில்லை

பினாங்கு வெயிலில் ஓயாமல் மூச்சிரைக்கும் எங்கள் ஹஸ்கி நாயின் முடியை ஒட்ட மழித்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்று பலரும் சொன்னீர்கள். கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். மழிக்கவில்லை.

ஹஸ்கிக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே உள்ள நீண்ட முடி வெயில் தோலில் நேரே படாமல் காக்கிறது. கீழே இருப்பது பஞ்சு போன்ற அடிமுடி. உதிர்ந்த அடிமுடி வெளியே வராமல் சிக்கிக் கிடந்தால்தான் தோலுக்குக் காற்றே போகாது. ஒட்ட மழித்தால் சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் திரும்ப முளைக்கும்.

அதனால் அடிமுடியை எடுக்கும் அகலப்பல் சீப்பு வாங்கினோம். முடி வளரும் திசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, தோல் தெரியும்வரை சீவ வேண்டும். காதுக்குப் பின்னாலும் பின்தொடையிலும்தான் சிக்கு அதிகம். பின்தொடையிலிருந்து மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய சாம்பல் பஞ்சு வந்தது! சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டாதீர்கள், நனைந்தால் இன்னும் இறுகிவிடும்.

அப்புறம், இந்த ஊர் ஈரப்பதத்தில் குளியலைவிட உலர்த்துவதுதான் பெரிய வேலை. அடிமுடி ஈரமாகவே இருந்தால் தோல் சிவந்து புண்ணாகும். சூடில்லாத காற்றில் உலர்த்தி, வயிற்றையும் அக்குளையும் விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் நிறுத்துகிறேன்.

நடை, விடியும் முன் அல்லது தார்ச்சாலை ஆறிய பிறகு மட்டும். மூச்சிரைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. மதியம் ஏர்கோன் இன்னும் தேவைதான்.