34 அடியா, 40 அடியா? சின்ன சொகுசு கோச் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

சுகர்லேண்ட்61 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் முப்பது வருடமாக இருக்கிறோம். போன மார்ச்சில் ஓய்வு பெற்றேன். வருடத்தில் ஐந்து மாதம் ஊர் சுற்றுவது என்று நானும் மனைவியும் ரொம்ப நாளாகப் பேசி வைத்திருந்தது, இப்போதுதான் கைகூடி வருகிறது.

இரண்டு முறை 25 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோமை (வேன் அடிப்பாகத்தில் கட்டிய, உள்ளேயே தங்கும் வண்டி) வாடகைக்கு எடுத்துப் போனோம். பயணம் பிடித்தது, கட்டில்தான் ஒத்துவரவில்லை. மூலையோடு ஒட்டிய கட்டில். உள்பக்கம் படுத்தவர் எழுந்திருக்க வேண்டுமென்றால் இன்னொருவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மனைவிக்கு இரண்டு வருடத்துக்கு முன் வலது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. ராத்திரி மூன்று மணிக்கு அவள் இருட்டில் கால் தடவி இறங்குவதைப் பார்த்ததும், இனி வாங்கினால் இரண்டு பக்கமும் நடக்க இடமுள்ள கட்டில்தான் என்று முடிவு செய்தேன். அப்படித்தான் டீசல் புஷர், அதாவது பின்னால் டீசல் எஞ்சின் உள்ள, பேருந்து மாதிரியான மோட்டார்ஹோம் பக்கம் வந்தேன்.

இப்போது இரண்டு பழைய வண்டிகள் கண்ணில் இருக்கின்றன. ஒன்று நியூமார் கம்பெனியின் நியூ ஏர், 35 அடிக்குள். இன்னொன்று அதே நியூமாரின் டச் ஸ்டார், 40 அடி, மூன்று வருடம் மூத்தது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மகள் சான் ஹோசேயில் இருக்கிறாள். பேரப் பிள்ளைகளுக்கு வயது 10, 7. அவர்களை யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் கூட்டிப் போய் நான்கு ராத்திரி தங்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. அங்கே அப்பர் பைன்ஸ் என்ற கேம்ப்கிரவுண்டில் மோட்டார்ஹோமுக்கு 35 அடிதான் வரம்பு. அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனம் சின்ன வண்டியிலேயே நிற்கிறது. ஆனால் 40 அடி வண்டிக்குள் ஏறிய மனைவி, துணி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள்.

ஐந்தாறு அடி குறைவதால் உண்மையில் எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம்? இரண்டையும் ஓட்டியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


நெடுவழி எழுதியது:

வணக்கம் சார். நாங்கள் மூன்று வருடம் 40 அடி வைத்திருந்தோம். 2021-ல் அதை விற்று 34 அடி எடுத்தோம். இரண்டுமே டீசல் புஷர்தான், டெக்சாஸ் பதிவுதான். அதனால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் ஒரு விஷயம். மாடல் எண்ணில் 33 என்று இருந்தால் வண்டி 33 அடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டேப்பை எடுத்துப் போய் முன் பம்பரிலிருந்து பின்னால் ஏணி, ஹிட்ச் வரை நீங்களே அளந்து பாருங்கள். 35 அடி வரம்புக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் அரை அடிகூட முக்கியம். அதே பள்ளத்தாக்கில் உள்ள லோயர் பைன்ஸிலும் நார்த் பைன்ஸிலும் 40 அடி வரை விடுகிறார்கள், ஆனால் அத்தனை நீளத்துக்குப் பொருந்தும் இடங்கள் சிலதான். யோசெமிட்டியில் முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்னால், 15-ஆம் தேதி பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். நிமிடக்கணக்கில் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் உங்களுக்குத் தகுதியான இடங்கள் எத்தனை என்பதில்தான் சின்ன வண்டி உண்மையாகவே ஜெயிக்கிறது. கிராண்ட் கேன்யனில் டிரெய்லர் வில்லேஜ் மாதிரி 50 அடி வரை இடமிருக்கும் பூங்காக்களும் உண்டு, அங்கே இந்தப் பேச்சுக்கே வேலையில்லை.

இரண்டாவது, இதைத்தான் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீளம் குறைகிறதே தவிர அகலமும் உயரமும் குறைவதில்லை. இரண்டு வண்டியும் எட்டரை அடி அகலம்தான். ஏசி மூடியோடு சேர்த்து உயரம் 12 அடிக்கு மேல்தான். யூட்டாவின் சயன் தேசியப் பூங்காவில் மவுன்ட் கார்மல் சுரங்கப்பாதை இருக்கிறதே, அங்கே 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ எட்டினாலே பெரிய வண்டிதான். 2023-ல் நாங்கள் 34 அடியோடு போனபோதும் 15 டாலர் கட்டி, எதிர்வரும் வண்டிகளை நிறுத்தச் சொல்லித்தான் நடுரோட்டில் ஓட்டினோம். 2026 கோடையிலிருந்து இந்த அளவு வண்டிகளை அந்த வழியே விடுவதில்லை என்று பூங்கா அறிவித்துவிட்டது. பெட்ரோல் பங்க் கூரை, மரக்கிளை, பழைய பாலம் எல்லாவற்றிலும் நீங்கள் 40 அடிக்காரரைப் போலவே தலை நிமிர்த்திப் பார்த்துத்தான் போக வேண்டும்.

மலைச்சாலைகளும் அப்படித்தான். பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் சிசோஸ் பேசின் சாலைக்கு 24 அடிக்கு மேற்பட்ட ஆர்வி (மோட்டார்ஹோம் மாதிரி தங்கும் வண்டி) வேண்டாம் என்கிறார்கள். கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங் டு தி சன் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிதான் வரம்பு. ஆக, 34 ஆனாலும் 40 ஆனாலும் பின்னால் ஒரு சின்ன காரை இழுத்துத்தான் போகப்போகிறீர்கள். நாங்கள் ஜீப் ராங்லரை நாலு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கிறோம். காரோடு சேர்ந்தால் 34 அடியும் ஐம்பது அடியைத் தாண்டிவிடும், அதோடு பின்னால் எடுக்கவும் முடியாது. காரைக் கழற்றிவிட்டுக் கேம்ப்கிரவுண்ட் வளைவுக்குள் நுழையும்போதுதான் சின்ன வண்டியின் அருமை தெரியும். 40 அடியில் கொலராடோவில் ஒரு காட்டுக் கேம்ப்கிரவுண்டில் வலது பக்கம் திரும்பினேன், வால் இடது பக்கம் வீசி ஒரு பைன் மரத்தில் பின்மூலை உரசியது. பெயின்ட்டுக்கு மட்டும் நாலாயிரம் டாலர் ஆயிற்று. இப்போதைய வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி குறைவு, அந்தப் பயம் பாதியாகிவிட்டது. ஆனால் ஃபோர்ட் ஸ்டாக்டன் தாண்டி ஐ-10-ல் பக்கக்காற்று அடிக்கும் நாட்களில் பழைய வண்டியின் நிதானம் இதில் இல்லை. அந்த மாதிரி நாளில் 60 மைலுக்கு மேல் போவதில்லை.

எடை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கதவோரம் மஞ்சள் ஸ்டிக்கரில் எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று போட்டிருக்கும். வாங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 100 கேலன் நல்ல தண்ணீர் நிரப்பினாலே 830 பவுண்டு. அதற்கு மேல் கருவிகள், நாற்காலிகள், அரிசி மூட்டை, நாம். நான் எடுத்த முதல் 34 அடியில் விற்றவர் “என்ன வேண்டுமானாலும் ஏற்றலாம் சார்” என்று சொன்னார். நான் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி கிளப்பின் வளாகத்தில் ஸ்மார்ட்வே என்று ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டுக் கொடுப்பார்கள். அங்கே போனபோது முன் இடது சக்கரம் டயரின் வரம்பைத் தாண்டி நின்றது. அதே டயரில் அதுவரை ஆறாயிரம் மைல் ஓடியிருந்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வண்டியை எட்டு மாதத்தில் மாற்றினோம். உங்கள் வீட்டிலிருந்து லிவிங்ஸ்டன் இரண்டு மணி நேரத்துக்குள்தான். கட்டாயம் போங்கள்.

எரிபொருளில் வித்தியாசமே இல்லை. கேலனுக்கு அதுவும் எட்டு மைல், இதுவும் எட்டு மைல். லைசென்ஸும் நம் மாநிலத்தில் நீளத்தைப் பார்ப்பதில்லை. வண்டியின் மொத்த எடை வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டினால் கமர்ஷியல் அல்லாத கிளாஸ் பி எடுக்க வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டுமே தாண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஸ்டிக்கரிலேயே இருக்கும். எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு, இப்போதே படிக்க ஆரம்பியுங்கள். அப்புறம், அடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சின்னதுதான் விலை அதிகம். எஞ்சின், ஜெனரேட்டர், ஜாக்கி எல்லாம் பெரிய வண்டிக்குள்ளவைதானே.


தாழம்பூ எழுதியது:

அண்ணா, நான் வண்டிக்குள் இருப்பவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுடையதும் 34 அடிதான், நான்கு வருடம் ஆகிறது.

கடையில் பார்க்கும்போது ஸ்லைடு (வண்டியை நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி) எல்லாம் வெளியே தள்ளி, விளக்கெல்லாம் போட்டுக் காட்டுவார்கள். அண்ணியை உள்ளே உட்கார வைத்துவிட்டு ஸ்லைடுகளை முழுக்க உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் அவர் சோபாவிலிருந்து பாத்ரூம் போக முடிகிறதா? ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறதா? கட்டிலைச் சுற்றி நடக்க முடிகிறதா? சின்ன கோச்சுகளில் பலதில் கட்டில் குறுக்காக, ஸ்லைடுக்குள் இருக்கும். ஸ்லைடு மூடினால் நடக்கும் இடம் போய்விடும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இரண்டு மணி நேரம் கண் அயரலாம் என்று நிறுத்தும்போதுதான் இது தெரியும். முட்டிக்காக வாங்கும் வண்டி என்றால் இதுதான் முதல் சோதனை.

அடுத்து வாசற்படி. டீசல் புஷரில் அடியில் சாமான் அறை இருப்பதால் தரை உயரம். மூன்று நான்கு படி ஏற வேண்டும், சின்னதிலும் பெரியதிலும் அப்படித்தான். வலது கை பிடிக்க உறுதியான கம்பி இருக்கிறதா என்று அண்ணியையே ஐந்து தடவை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சமையல். எங்கள் வண்டியில் கேஸே கிடையாது, எல்லாம் கரன்ட். 50 ஆம்ப் இணைப்பு இருக்கும் இடத்தில் கவலையே இல்லை, ஏசியும் ஓடும் இண்டக்‌ஷனும் ஓடும். இரும்பு தோசைக்கல் இண்டக்‌ஷனில் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் யோசெமிட்டியில் கேம்ப்கிரவுண்டுக்குள் ஹூக்அப் (வண்டிக்கான கரன்ட், தண்ணீர் இணைப்பு) கிடையாது. ஜெனரேட்டர் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மட்டும்தான் ஓட்டலாம். பேரப் பிள்ளைகள் எட்டரை மணிக்குத் தோசை கேட்டால் சரி, பத்து மணிக்குக் கேட்டால் பேட்டரி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரைண்டரை நான் வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். மாவை இரண்டு டப்பாவில் எடுத்துப் போவேன், தீர்ந்தால் ரவா தோசைதான்.

34 அடியில் கடுகு தாளித்தால் தலையணை வரைக்கும் வாசம் வரும். கூரை விசிறி போட்டாலும் வரும். அதனால் கருவாடு, மீன் எல்லாம் வெளியே மேஜை போட்டு ஒற்றை அடுப்பில். பழகிவிட்டது, இப்போது வெளியே சமைப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது.

துணி அலமாரி குறைவுதான். அண்ணி அங்கே நின்று பார்த்ததை நீங்கள் கவனித்தீர்களே, அதை அப்படியே விட்டுவிடாதீர்கள், அவரிடமே கேளுங்கள். நான் பருவத்துக்கு ஒரு பெட்டி என்று மகன் வீட்டில் வைத்து மாற்றிக்கொள்கிறேன். சாமி படத்துக்கு மட்டும் டாஷ்போர்டு பக்கத்தில் ஓர் இடம் பிடித்தேன், பேட்டரி விளக்கோடு.


வின்னிபெக்வாசி எழுதியது:

வணக்கம். வேறொரு கோணம். எங்களிடம் 25 அடி லெஷர் டிராவல் வேன்ஸ் யூனிட்டி இருக்கிறது, இங்கே மானிடோபாவில் விங்க்லரில் கட்டுகிறார்கள். இரட்டைக் கட்டில் மாடலில் நடுவில் நடைபாதை, யாரும் யாரையும் தாண்ட வேண்டாம். மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் அடிப்பாகம், படி தாழ்வு. முட்டிக்கு இதுதான் நல்லது என்பேன். ஆனால் மழை நாளில் நான்கு பேர் உள்ளே உட்கார்ந்தால் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் நகர முடியும். ஐந்து மாதம் என்றால் நான் யோசிப்பேன். ஆறு வாரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதுதான்.


சுகர்லேண்ட்61 எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே மனைவியை அழைத்துக்கொண்டு போய் தங்கை தாழம்பூ சொன்னபடி ஸ்லைடுகளை மூடச் சொன்னோம். நியூ ஏரில் அவள் பாத்ரூம் வரை போய் வந்துவிட்டாள், கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் ஒடுங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் நான் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அலமாரியைப் பற்றி நேராகவே கேட்டேன். பட்டுப் புடவைக்காக இல்லையாம். மகள் வீட்டில் தங்கும்போது நான்கு நல்ல துணி கசங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். இத்தனை நாள் நான் தப்பாக நினைத்திருக்கிறேன்.

நெடுவழி சார், ஒரு கேள்வி. நான்கு பேர், நான்கு ராத்திரி, கிரே டேங்க் (குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி) தாங்குமா? வண்டி தாங்காவிட்டால் அப்பர் பைன்ஸில் இடம் கிடைத்தும் பயனில்லையே.


நெடுவழி எழுதியது:

தாங்காது சார். எங்கள் கிரே டேங்க் 60 கேலன். இரண்டு பேராக இருந்தபோதே மூன்றாம் நாள் மாலை நிரம்பிவிட்டது. பிள்ளைகள் இருந்தால் இரண்டாவது நாளே. ஆனால் அப்பர் பைன்ஸ் வாசலிலேயே கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது. ஒரு காலையில் எல்லோரையும் நடக்க அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் வண்டியைக் கொண்டுபோய்க் காலி செய்து வாருங்கள், அரை மணி நேர வேலை. 34 அடியை அந்த வளைவுகளில் தனியாக எடுத்துப் போய்த் திரும்ப நிறுத்த எனக்குத் தயக்கமில்லை. 40 அடி என்றால் பின்னால் நின்று கை காட்ட ஆள் வேண்டும்.

அடுத்த வாரம் நாங்கள் லிவிங்ஸ்டனில்தான் இருப்போம், எடை போட்டுக்கொள்ளத்தான். வீட்டில் இருவரும் வந்து ஒரு ராத்திரி எங்கள் வண்டியில் படுத்துப் பாருங்கள். நாங்கள் பக்கத்தில் கேபின் எடுத்துக்கொள்கிறோம். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்க்கச் சொல்லுங்கள்.


சுகர்லேண்ட்61 எழுதியது:

வருகிறோம் சார். செவ்வாய் மதியம் கிளம்புகிறோம். மாவு நாங்கள் கொண்டு வருகிறோம், தோசைக்கல் உங்களுடையது.