ரயில்வேயில் ஏ-1 மருத்துவத் தகுதி போனவருக்குப் பழைய சர்வீஸ் சேருமா?

முன்னாள் உதவி லோகோ பைலட் (ரயில் உதவி ஓட்டுநர்): கண் பரிசோதனையில் நிறப் பார்வை பார்க்கும் புள்ளி அட்டையிலிருந்த எண் எனக்குத் தெரியவில்லை. ரயில் ஓட்டத் தேவையான ஏ-1 தகுதி போய், இப்போது எழுத்தர் மேசை. சீனியாரிட்டிப் பட்டியலில் நேற்று வந்த பையன்களுக்கும் கீழே என் பெயர்! பதவி உயர்வுக்குப் பழைய சர்வீஸ் செல்லாதா?

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்: செல்லும், தம்பி. ரயில்வே எஸ்டாப்ளிஷ்மென்ட் மேனுவல், பத்தி 1310. இணையான கிரேடில் பார்த்த சர்வீஸ் சீனியாரிட்டியில் சேரும். அதைக் குறிப்பிட்டு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

முன்னாள் ரயில் கார்டு: மாற்றுப் பணி தரும்போது அடிப்படைச் சம்பளத்தோடு 30 சதவீதம் சேர்த்துக் கிரேடு பார்த்தார்களா? ரன்னிங் ஊழியருக்கு, அதாவது ஓடும் ரயிலில் வேலை பார்த்த நம்மைப் போன்றவர்களுக்கு, அது உண்டு.

முன்னாள் உதவி லோகோ பைலட்: லோகோ பைலட் பதவி உயர்வு?

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்: ஏ-1 இல்லாமல் கிடைக்காது. எழுத்தர் வரிசைத் தேர்வுக்குப் படியுங்கள்.