பாலிகோனல் ரைஃப்லிங் நிஜமாவே பெட்டரா?

காடிதேடி:
வணக்கம். டார்கெட் ஷூட்டிங் பழக ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆகுது. குண்டு சுழண்டு போக பேரலுக்குள்ள சுருளா இருக்கற அமைப்புதானே ரைஃப்லிங், அதுல பாலிகோனல் வகைல சதுர விளிம்பு இல்லாம உள்ள வழவழன்னு அறுகோணம் மாதிரி இருக்கும், குண்டைச் சுத்தி கேஸ் கசியாது, அதனால வேகம் கூடும், க்ளீன் பண்றதும் ஈஸின்னு படிச்சேன். அப்படின்னா மேட்ச் பேரல் (போட்டிக்கான பேரல்) செய்றவங்க பெரும்பாலும் ஏன் இன்னும் மேடு-பள்ளம் டிசைன்லயே இருக்காங்க?

பழையலேத்:
வேகம் கூடும்ங்கறது உண்மைதான், ஆனா ரொம்ப கொஞ்சம், ஒரே மாதிரி ரெண்டு பேரலுக்கு நடுவுலயே அந்த அளவு வித்தியாசம் வரும். குறிக்கு முக்கியம் ரெண்டு விஷயம், குண்டோட நீளத்துக்கு ஏத்த ட்விஸ்ட் (எத்தனை இன்ச்சுக்கு ரைஃப்லிங் ஒரு முழு சுத்து சுத்துதுங்கறது), அப்புறம் பேரல் முழுக்க உள்ளளவு மாறாம ஒரே சீரா இருக்கறது. பள்ளத்தோட வடிவம் அதுக்கப்புறம்தான்.

1850கள்ல விட்வொர்த்னு ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர் அறுகோண பேரல் செஞ்சு அப்போ பிரிட்டிஷ் ராணுவம் வச்சிருந்த என்ஃபீல்டு ரைஃபிளை தூரத்துல நல்லா ஜெயிச்சாரு, எல்லாரும் அறுகோணம்தான் காரணம்னு சொல்லுவாங்க. ஆனா என்ஃபீல்டு 0.577 இன்ச் துவாரம், 78 இன்ச்சுக்கு ஒரு சுத்து, விட்வொர்த் 0.451 இன்ச், 20 இன்ச்சுக்கு ஒரு சுத்து, குண்டும் ஒல்லியா நீளமா இருக்கும். ஜெயிச்சது பெரும்பாலும் அந்த ட்விஸ்ட்டும் குண்டும்தான்.

வடிவத்தால ஆயுசு மாறும், அது நிஜம். 1888ல வந்த லீ-மெட்ஃபோர்டுங்கற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்ல கரிமருந்துப் புகைக்கசடு ஒட்டாம இருக்கணும்னு பள்ளத்தை ஆழமில்லாம உருண்டையா வச்சாங்க, அப்புறம் கார்டைட்ங்கற புகையில்லா மருந்து வந்ததும் அந்தச் சூட்டுல ரைஃப்லிங் சீக்கிரமே தேஞ்சுபோச்சு, 1895ல ஆழமான அஞ்சு பள்ளம் வச்ச லீ-என்ஃபீல்டுக்கு மாறிட்டாங்க.

ஈயக்குண்டு:
ஒண்ணு மறக்காதீங்க, பாலிகோனல் பேரல்ல செம்பு உறை இல்லாத வெறும் ஈயக்குண்டு போட வேண்டாம்னு பிஸ்டல் செய்யற க்ளோக் கம்பெனியே சொல்லுது. ஈயம் உள்ள படிஞ்சு துவாரம் குறுகிட்டா பிரஷர் ஏறும், ஆபத்து.

பழையலேத் சொன்ன அந்த "சீரா இருக்கறது" கையாலயே தெரியும். துப்பாக்கி காலின்னு ரெண்டு தடவை பாத்துட்டு, லேசா எண்ணெய் தடவின பேரல்ல மெத்துன்னு இருக்கற ஈய உருண்டையை ராடால மெதுவா தள்ளணும். பழைய பேரல் ஒண்ணுல இப்படித் தள்ளினப்போ பாதி தூரம் இறுக்கமா போச்சு, திடீர்னு ஒரு இடத்துல தொளதொளன்னு ஆச்சு, அப்புறம் திரும்ப இறுகிச்சு. அந்த பேரல் எந்தக் குண்டு போட்டாலும் சிதறத்தான் செஞ்சுது. வெளிய வந்த ஈயத்துல பள்ளத்தோட அச்சு அப்படியே விழுந்திருக்கும், அதைப் பாத்துட்டே இருக்கலாம்.

காடிதேடி:
ரொம்ப நன்றிண்ணே. அப்போ ட்விஸ்ட்ட குண்டோட வெயிட் பாத்து முடிவு பண்ணலாமா?

பழையலேத்:
நீளம் பாருங்க தம்பி. வெயிட் கூடினா பொதுவா நீளமும் கூடும், அதனாலதான் எல்லாரும் வெயிட்டுன்னு சொல்றாங்க. அமெரிக்க ராணுவ ரைஃபிள் எம்16ல முதல்ல 14 இன்ச்சுக்கு ஒரு சுத்து இருந்துச்சு, கடுங்குளிர்ல காத்து அடர்த்தியானதும் குண்டு ஆட ஆரம்பிச்சு 12 ஆக்கினாங்க. அப்புறம் எம்16ஏ2ல நீளமான டிரேசர் குண்டு (போற வழி தெரிய ஒளி விட்டுட்டே போறது) நேரா போகணும்னு 7 ஆக்கிட்டாங்க. நீங்க போடற குண்டை வெர்னியர்ல அளந்து நீளத்தை இங்க போடுங்க, கணக்கு போட்டுப் பாக்கலாம்.