மறு: மறு: கோஸ்டிங் = எச்சம்? (வெள்ளிக்குள் முடிவு வேண்டும்)

பீன்யா:
வணக்கம். பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பல சானல் தரவுப் பதிவுப் பாடத்தில் ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. 16 சானலுக்கும் ஒரே ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று). மல்டிபிளெக்சர் ஒவ்வொன்றாக மாற்றி இணைக்கிறது. 4ஆம் சானலில் 5 வோல்ட் இருக்கிறது, 5ஆம் சானலில் எதையும் இணைக்கவில்லை. இருந்தும் 5ஆவதும் கிட்டத்தட்ட 5 வோல்ட் காட்டுகிறது. பட்டறையில் இதைக் கோஸ்டிங் என்கிறோம். வரைவில் 'இரைச்சல்' என்று இருக்கிறது. அப்படியே விடலாமா?

ஜாலஹள்ளி:
விடாதீர்கள். இரைச்சல் என்று படிக்கிற பையன் நூறு அளவீடு எடுத்துச் சராசரி போடுவான். தற்செயல் இரைச்சலென்றால் பத்தில் ஒரு பங்காகும். இது குறையாது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கம் இழுக்கும் பிழை. சென்சரின் மூல மின்தடை 100 கிலோஓம், உள்ளீட்டு மின்தேக்கம் 100 பிக்கோஃபாரட் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் காலமாறிலி, அதாவது மின்னூட்டம் எவ்வளவு மெதுவாக மாறும் என்பதன் அளவு, 10 மைக்ரோநொடி. உள்ளீடு புதிய மதிப்பில் 16 பிட் துல்லியத்துக்கு அடங்க அதில் ஏறக்குறைய 12 மடங்கு, அதாவது 120 மைக்ரோநொடி வேண்டும். 16 சானலையும் நொடிக்கு 1000 சுற்று ஓட்டினால் ஒரு சானலுக்குக் கிடைப்பது 62.5தான். முந்தைய சானலின் மின்னூட்டம் வடிவதற்குள் அளந்துவிடுகிறோம். அந்த மிச்சம் பெயரிலேயே தெரியட்டும்.

மல்லேஸ்வரம்:
அப்படியானால் 'எச்சம்'. தேடவே வேண்டாம், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலே எச்சவியல்தான். 'வந்து' என்று நிற்கும் வினையெச்சம் தானாக முடியாமல் அடுத்த வினையின் மேல் சாய்கிறதே, 4ஆம் சானல் செய்வதும் அதையேதான். எஞ்சு என்ற வினையிலிருந்து எச்சம், எச்சில் இரண்டும் வந்தன. இங்கே பெங்களூரு ஓட்டல்களில் காதில் விழும் கன்னட 'எஞ்சலு'வும் அந்த வீட்டுப் பிள்ளைதான். முன்னவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அடுத்தவருக்கு வைப்பது! 'முன்தட எச்சம்' என்று போடுங்கள். வள்ளுவரும் 'எச்சத்தாற் காணப்படும்' என்றார்.

அல்சூர்:
ஐயா, அந்தக் குறளின் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள் என்று உரை சொல்கிறார். 5ஆம் சானல் 4இன் பிள்ளையா? பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு எச்சம் என்றால் காக்கை எச்சம். கோஸ்டிங் என்றே விடுங்கள், கருவியோடு வரும் தாளிலும் அதுதான் இருக்கும். 'தட'மும் வேண்டாம், சானல் போதும்.

இந்திரா நகர்:
'குறுக்குப்பேச்சு' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே?

ஜாலஹள்ளி:
அது கிராஸ்டாக்குக்கு, அம்மா, பக்கத்துக் கம்பியின் சைகை இதில் தாவுவதற்கு. இரண்டையும் குழப்பினால் தவறான இடத்தில் கம்பியை அறுப்பார்கள். பிரித்தறிய, சானல் வரிசையை மாற்றி ஓட்டுங்கள். பிழை புதிய முன்னவரின் மதிப்பைத் தொடர்ந்து போனால் கோஸ்டிங். ஸ்கேனை நிறுத்தி, சென்சர் மாட்டிய அந்த ஒரு சானலை மட்டும் படித்தபோதும் போகவில்லையென்றால் பக்கத்துக் கம்பியின் வேலை. 50 ஹெர்ட்ஸில் ஆடினால் பெரும்பாலும் எர்த் இரண்டு இடத்தில் கட்டியிருக்கும். 20 மில்லிநொடிச் சராசரியில் ஆட்டம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

மல்லேஸ்வரம்:
தீர்வுக்கும் பெயர் கிடைத்துவிட்டது: 'கழுவல்'. 4க்கும் 5க்கும் நடுவே 0 வோல்ட்டில் கட்டிய ஒரு சானலைப் படித்துவிட்டு வருவது.

ஜாலஹள்ளி:
பெயர் நன்றாக இருக்கிறது, வேலை பாதிதான். கழுவினால் மிச்சம் பூஜ்யமாகும். அடங்க நேரம் போதாவிட்டால் அளவு இப்போது பூஜ்யத்தின் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு சென்சருக்கும் மல்டிபிளெக்சருக்கு முன்னால் ஓர் ஆப்-ஆம்ப் பஃபர் (அதே மின்னழுத்தத்தைக் குறைந்த மூல மின்தடையோடு தரும் சுற்று) வைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்: நொடிக்கு 500 சுற்றில் 125 மைக்ரோநொடி, மயிரிழை, 400இல் 156, நிம்மதி. காலிச் சானல்களைக் கருவியின் அனலாக் கிரவுண்டில் கட்டுங்கள், பெட்டியின் எர்த்தில் அல்ல.

அல்சூர்:
பாருங்கள், கழுவலும் எச்சமும் ஒரே பக்கத்தில். வகுப்பு நடந்த மாதிரிதான்.

பீன்யா:
நேரமில்லை, எண்ணிவிட்டேன். எச்சத்துக்கு நால்வர், கோஸ்டிங்குக்கு இருவர், இந்திரா நகர் அம்மா இரண்டுக்கும் இல்லை. பாடத்தில் 'முன்தட எச்சம்', முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'பட்டறையில் கோஸ்டிங்' என்று ஒரு வரி. 'கழுவல்' வேண்டாம், 'இடைப் பூஜ்ய அளவீடு' என்று போட்டுவிட்டேன்.

அல்சூர்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். தேர்வுத்தாளில் பையன்கள் கோஸ்டிங் என்று எழுதினால் மதிப்பெண் குறைக்கக் கூடாது.

மல்லேஸ்வரம்:
ஒரே ஒரு திருத்தம். முன் + தானை முன்றானை ஆவதுபோல முன் + தடம் 'முன்றடம்' ஆக வேண்டும். சேர்த்து எழுதினால் உடம்படுமெய்யும் வரும்: முன்றடவெச்சம்.

பீன்யா:
ஐயா, கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.